மிச்சக் கேபிளும் வண்டி வயர்லெஸ் கோளாறுகளும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

வண்டிக்கு என்று காந்த அடி ஆண்டெனா, அதாவது அடியில் உள்ள காந்தத்தால் கூரையில் ஒட்டிக்கொள்ளும் வகை, வாங்கினால் அதோடு நான்கு, ஐந்து மீட்டர் கேபிளும் சேர்ந்தே வரும். ஒரு ஜீப்பில் கூரை நடுவிலிருந்து வயர்லெஸ் செட் வரைக்கும் இரண்டரை, மூன்று மீட்டர் இருந்தால் போதும். மீதியை எங்கே வைப்பது? சீட்டுக்கு அடியில் திணிப்பார்கள். தரையில் விரித்த ஃப்ளோர் மேட்டுக்குக் கீழே அமுக்குவார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் உருண்டையாகச் சுருட்டி, டை போட்டு இறுக்கிவிடுவார்கள். சில மாதம் கழித்து, "அண்ணாச்சி, செட்டு நல்லாத்தான இருந்துது, இப்போ ஒண்ணும் போக மாட்டேங்கு" என்று வண்டி வந்து நிற்கும்.

ராதாபுரம் பக்கத்துக் காற்றாலை ஜீப், குவாரி லாரி, ஆம்புலன்ஸ், ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களின் கார் எதுவானாலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். கேபிள் நீளமாக இருந்ததால் கெட்ட செட் அபூர்வம். அந்த நீளத்தை ஒளிக்கப் போய் நசுக்கி, ஒடித்து, நனையவிட்டதால் கெட்டதே அதிகம். கணக்கும் அதையே சொல்கிறது. வழக்கமான ஆர்ஜி-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் தின்னும். அப்படியானால் இரண்டு மீட்டர் மிச்சம் தின்பது 0.4 டெசிபல், 25 வாட்டில் இரண்டு வாட் சொச்சம். எதிர்முனையில் இருப்பவர் காதுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே கத்தியை எடுத்துக் கேபிளை வெட்டுவது கடைசி வேலை.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆண்டெனாவுக்குப் போகிற பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது; எண் 1-ஐ நெருங்கினால் நல்லது), நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த இன்னொரு ஆண்டெனா, இந்த மூன்றும் இருந்தால் கீழே சொல்வதில் முக்கால்வாசியை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். மைக்கை அமுக்கிச் சோதிக்கும் இடங்களில் எல்லாம் செட்டைக் குறைந்த பவரில் வையுங்கள், காலியான அலைவரிசையில் செய்யுங்கள். ஹாம் லைசென்ஸோ நிறுவனத்தின் லைசென்ஸோ இல்லாதவர் மைக்கை அமுக்கவே கூடாது.

## கேட்கிறது, ஆனால் பேசினால் போகவில்லை

முதலில் செட்டின் பின்பக்கம் கையை விட்டு, கேபிள் நுனியில் இருக்கும் பிளக்கைத் திருகிப் பாருங்கள். பி.எல்-259 பிளக்கின் வெளி வளையம் கால் சுற்று தளர்ந்திருந்தாலும் இந்த அறிகுறி வரும். மாஞ்சோலை மாதிரி ரோட்டில் ஏறி இறங்கும் வண்டிகளில் அது தானாகவே கழன்றுகொள்ளும். இறுக்கியபின் சரியாகிவிட்டால் வேலை முடிந்தது.

சரியாகவில்லையா? எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைச் செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்டி அளந்து பாருங்கள்.

1.5-க்குள் இருந்தால் கேபிளை விட்டுவிடுங்கள். மைக், மைக் வயர், செட்டின் டோன் அமைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசுகிறவர்களுக்கு, அதைத் திறக்கும் டோன் மாறிப்போயிருந்தால் அச்சு அசலாக இதே அறிகுறிதான்.

2-ஐத் தாண்டியிருந்தால் ஆண்டெனா கூரையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காந்தத்தின் அடியில் செம்மண் புழுதி படிந்திருந்தால் துடைத்துவிட்டு வையுங்கள். டாப் கேரியர் கம்பிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் நடுவுக்கு நகர்த்துங்கள். கூரை ஃபைபராக இருந்தால் காந்த அடி ஆண்டெனா அங்கே வேலைக்கு ஆகாது. ஒட்டாது என்பது ஒரு பக்கம். அடியில் தகடு இல்லாமல் அந்த ஆண்டெனாவால் இயங்க முடியாது என்பதுதான் பெரிய விஷயம்.

3-ஐத் தாண்டியிருந்தால் பேசுவதை நிறுத்துங்கள். நல்ல செட் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். மலிவான செட் அதையும் செய்யாது. பவர் பகுதி சூடாகிக் கடைசியில் போய்விடும். செட்டிலிருந்து பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள்.

இந்த இடத்தில் பலரும் ஏமாறுவார்கள். பிளக்கின் நடு முனைக்கும் வெளி உடம்புக்கும் இடையே மீட்டர் 'பீப்' என்றதும், "ஷார்ட் ஆயிட்டு" என்று கேபிளையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். அடியில் சுருள் வைத்த ஆண்டெனாக்களில் பல, உள்ளேயே கேபிளின் நடுக்கம்பியை அதைச் சுற்றியிருக்கும் வெளி வலையோடு சேர்த்துத்தான் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் பீப் கேட்பது கோளாறு இல்லை. சுருள் இல்லாத சாதாரண கால் அலை ஆண்டெனாவில், அதாவது 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் நீளக் குச்சி மட்டும் இருக்கும் வகையில், பீப் கேட்கக் கூடாது. உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஆண்டெனாவை அடியிலிருந்து திருகிக் கழற்றிவிட்டு அளவெடுங்கள். அப்போதும் பீப் வந்தால் அது நிஜமான ஷார்ட். கழற்ற முடியாத வகையென்றால் கையில் இருக்கும் இன்னொரு ஆண்டெனாவை அதன் கேபிளோடு மாட்டிப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் விடை தெரிந்துவிடும்.

ஷார்ட் என்று உறுதியானால் முதல் சந்தேகம் பிளக்கின் மேல். வலையின் ஒரே ஒரு நூல், தலைமுடி கனத்தில் இருப்பது, பற்றவைக்கும்போது நழுவி நடுமுனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிளக்கைத் திறந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் கண்ணில் படும். அடுத்த சந்தேகம் மிச்சத்தை டை போட்டு இறுக்கிய இடம். அதைப் பற்றிக் கீழே வெயில் பகுதியில் சொல்கிறேன்.

பிளக்கை மாற்றியும், வேறு ஆண்டெனாவை மாட்டிப் பார்த்தும் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கவில்லை என்றால் கோளாறு செட்டின் சாக்கெட்டிலோ உள்ளேயோ இருக்கிறது. இனி செட் ரிப்பேர் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

## வண்டி நிற்கும்போது சரி, ஓடும்போது விட்டுவிட்டு வருகிறது

சீட்டைப் பாருங்கள். வேறெங்கும் தேடுவதற்கு முன்னால் டிரைவர் சீட்டையும் பக்கத்து சீட்டையும் முன்னே தள்ளி, பின்னே இழுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மிச்சக் கேபிளைச் சீட்டுக்கு அடியில் போட்டவர், சீட் ஓடுகிற தண்டவாளத்தைக் கவனித்திருக்க மாட்டார். உயரமான டிரைவர் ஒருவர் ஏறிச் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிய அன்று கேபிள் தண்டவாளப் பல்லில் மாட்டியிருக்கும். மேலே தோல் கிழிந்திருக்காது, பல் பதிந்த தடம் மட்டும் வரிசையாகத் தெரியும். அந்த இடம் உள்ளுக்குள் நசுங்கியாயிற்று. நேராக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

புதிய கார்களில் முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் ஒன்று இருக்கும். அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. மிச்சக் கேபிளை அதன்மேல் சுற்றுவது, அதோடு சேர்த்து டை போடுவது, அதைக் கழற்றிப் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

சீட்டில் ஒன்றும் இல்லையென்றால் கதவுப் பக்கம் வாருங்கள். காந்த ஆண்டெனாவின் கேபிள் கதவு பீடிங் வழியாகத்தான் உள்ளே வருகிறது. கதவின் மேல் மூலையில், கீல் இருக்கும் பக்கமாக நுழைந்தால் நசுங்குவது குறைவு. பூட்டு இருக்கும் பக்கமாக நுழைந்தால் ஒவ்வொரு முறை கதவை அறையும்போதும் அதே இடம் அடிபடும். பின்கதவு வழியாகக் கொண்டுவருவது முன்கதவை விட நல்லது. அது அத்தனை தடவை திறந்து மூடப்படுவதில்லை.

நசுங்கல் எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் இரண்டு பேராகச் செய்யுங்கள். ஒருவர் குறைந்த பவரில் மைக்கை அமுக்கி எஸ்.டபிள்யூ.ஆர். முள்ளைப் பார்க்கட்டும். இன்னொருவர் கேபிளைச் செட் பக்கமிருந்து கூரை வரை சாண் சாணாக லேசாக வளைத்துக்கொண்டே போகட்டும். முள் துள்ளும் இடத்தில் கோளாறு. ஆண்டெனாக் குச்சியை மட்டும் தொட வேண்டாம்.

அந்த இடம் மிச்சப் பகுதிக்குள் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கெட்டதை வெட்டி எறிந்துவிட்டு நல்ல பகுதியின் நுனியில் புதுப் பிளக் போட்டால் போதும். மிச்சமும் தீர்ந்தது, கோளாறும் தீர்ந்தது. கூரைக்குப் பக்கத்தில் இருந்தால் கேபிள் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். நடுவில் வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றும் வைத்தியம் வீட்டுக் கரண்டு வயருக்கே நல்லதில்லை. இதற்குச் சுத்தமாக ஆகாது.

## மத்தியான வெயிலில் கெடுகிறது, காலையில் நன்றாக இருக்கிறது

இது நம்ம ஊர்க் கோளாறு. பாளையங்கோட்டை வெயிலில் கண்ணாடி ஏற்றிப் பூட்டி நிறுத்திய வண்டியில் டேஷ்போர்டு மேல் கை வைக்க முடியாது. ஆர்ஜி-58 கேபிளில் நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே இருக்கும் வெள்ளைப் பொருள் பாலிஎத்திலின். அந்த வகைக் கேபிளின் தாங்குதிறனே 80 டிகிரி செல்சியஸ் அளவோடு முடிந்துவிடும். சும்மா நீட்டிக் கிடக்கும் கேபிளுக்கு இந்தச் சூட்டால் பெரிய ஆபத்து இல்லை. இறுக்கி மடித்து, டை போட்டுக் கட்டிய கேபிளுக்குத்தான் வினை. இளகிய பாலிஎத்திலினை அழுத்திக்கொண்டு நடுக்கம்பி வளைவின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அப்படி ஒரு மடிப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுக்கம்பி வட்டத்தின் மையத்தில் இருக்காது. ஓரத்துக்கு வந்து வலையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். நடுவில் காகிதக் கனம் வெள்ளைப் படலம் மட்டும் மிச்சமிருக்கும். சூடானால் தொடும், குளிர்ந்தால் விலகும். டிரைவர், "காலையில நல்லாத்தான் பேசுது" என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மை.

ஆகவே காலையில் கடைக்குக் கொண்டுவந்து மீட்டர் வைத்தால் ஒன்றும் தெரியாது. மத்தியானம் இரண்டு மணிக்கு, வண்டி வெயிலில் நின்ற நிலையிலேயே மல்டிமீட்டரை வையுங்கள். காத்திருக்க நேரமில்லை என்றால் மடிப்பின்மேல் முடி உலர்த்தும் டிரையரைக் காட்டிக்கொண்டே அளந்து பாருங்கள்.

காரணம் எங்கே இருக்கும்? வரிசையாகப் பாருங்கள்: டேஷ்போர்டின் மேல்தட்டை ஒட்டிக் கிடக்கும் உருண்டை, பிறகு இன்ஜின் பக்கத் தகட்டை ஒட்டிய இடம், அப்புறம் கியர் பெட்டி, சைலன்சர் ஓடும் தரைப்பகுதியில் ஃப்ளோர் மேட்டின் அடி. லாரியில் இன்ஜின் மூடியின்மேல் கேபிள் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். அது அடுப்பு மேடையில் வைத்தது மாதிரிதான்.

இறுகின மடிப்பைப் பிரித்துவிட்டால் இன்றைக்குச் சரியாகிவிடும், நாளைக்குத் திரும்ப வரும். நகர்ந்த கம்பி தானாக நடுவுக்கு வராது. மடிப்பு இருந்த நீளத்தை வெட்டி நீக்கிவிட்டுப் புதுப் பிளக் போடுங்கள்.

## மழைக்குப் பிறகு மோசம், காய்ந்ததும் கொஞ்சம் தேறுகிறது

கேபிள் கூரையிலிருந்து கதவுக்குள் நேராகச் சரிந்து வந்தால் மழைத்தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். நுழையும் இடத்துக்கு வெளியே கேபிளைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே விடுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போய்விடும். மிச்சத்தில் ஒரு சாண் இதற்குப் பயன்பட்டால் நல்லதுதானே.

அடுத்து, மேட்டைத் தூக்கித் தடவிப் பாருங்கள். மேட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு நனைந்தால் வாரக்கணக்கில் காயாது. அதற்குள் புதைத்த மிச்சச் சுருள் ஊறிக்கொண்டே கிடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த மழையில், தாமிரபரணிக் கரை நெடுக வண்டிகள் தண்ணீரில் நின்றன. இன்ஜினையும் சீட்டையும் காயவைத்தவர்கள் மேட்டுக்கு அடியில் இருந்த கேபிளை மறந்துவிட்டார்கள். அப்படி முங்கிய வண்டியை நீங்கள் பழையதாக வாங்கியிருந்தால், செட் மாட்டும்போது பழைய கேபிளை நம்பாதீர்கள்.

தண்ணீர் கேபிளுக்குள் போயிற்றா என்று கண்ணால் பார்க்க நேரான வழி, ஆண்டெனா பக்கத்து நுனியில் வெளித்தோலை இரண்டு விரற்கடை உரிப்பது. வலை பளபளவென்று இருந்தால் தப்பித்தது. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அந்த நீளம் முழுக்கப் போச்சு. வலை ஒரு திரி போலத் தண்ணீரை உறிஞ்சி உள்ளே வெகுதூரம் இழுத்துக்கொண்டு போகும். காயவைப்பதில் பயனில்லை. உவரி, கூடங்குளம் பக்கத்தில் ஓடும் வண்டிகளில் மழையே வேண்டாம், உப்புக் காற்றே இதைச் செய்துவிடும். அங்கே ஆண்டெனா அடியில் கேபிள் நுழையும் இடத்துக்கு ரப்பர் டேப் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப் சுற்றுவது நல்லது.

கேபிளை மாற்றுவது வரை நீங்களே செய்யலாம். கூரையில் துளை போட்டு மாட்டிய ஆண்டெனா அடியில் ஒழுக்கு என்றால் உள்கூரைத் துணியை இறக்க வேண்டும். அது டிங்கரிங், உள்வேலை தெரிந்த ஆளின் வேலை.

## எஸ்.டபிள்யூ.ஆர். அருமையாக இருக்கிறது, ஆனால் தூரம் போகவில்லை

முதலில் இடத்தை மாற்றுங்கள். மணிமுத்தாறு தாண்டி மலை மடிப்புக்குள் போய்விட்டு, "போக மாட்டேங்கு" என்றால் அது கேபிளின் குற்றம் இல்லை. இந்த அலைவரிசைகள் மலையைத் துளைக்காது. நாங்குநேரி மாதிரி திறந்த இடத்தில், நன்றாகப் பேசும் இன்னொரு வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி என்றால் கோளாறே இல்லை.

உங்கள் வண்டி மட்டும் தணிந்து கேட்டால், 1.2 காட்டும் அந்த மீட்டரைச் சந்தேகப்படுங்கள். ஊறிப்போன கேபிள் போகிற பவரையும் தின்னும், ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிற பவரையும் தின்னும். திரும்பி வருவது குறைந்தால் மீட்டர் நல்ல எண்ணைத்தான் காட்டும். கேபிள் எவ்வளவு மோசமோ எஸ்.டபிள்யூ.ஆர். அவ்வளவு அழகு! பழைய கேபிளில் திடீரென்று எண் இறங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க நானோவிஎன்ஏ மாதிரி, ஆண்டெனாவையும் கேபிளையும் அளக்கும் சின்ன அனலைசர் ஒன்று கடன் வாங்குங்கள். ஆண்டெனாவை அடியிலிருந்து திருகி எடுத்துவிட்டு, செட் பக்க நுனியில் அனலைசரை மாட்டி 145 மெகாஹெர்ட்ஸில் பாருங்கள். ஐந்து மீட்டர் நல்ல ஆர்ஜி-58 என்றால் எஸ்.டபிள்யூ.ஆர். எட்டு, ஒன்பது என்று மோசமான எண் வர வேண்டும். மறுமுனை திறந்து கிடப்பதால் அப்படி வருவதே ஆரோக்கியம். மூன்றோ அதற்குக் கீழோ காட்டினால் கேபிள் பவரைப் பாதிக்குப் பாதி தின்றுகொண்டிருக்கிறது, மாற்றுங்கள். செட்டை வைத்து, ஆண்டெனா இல்லாமல் மைக்கை அமுக்கி இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

நீளம் உண்மையிலேயே குற்றவாளியாகும் இடம் ஒன்று உண்டு. 435 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறவர்களுக்கு ஐந்து மீட்டர் ஆர்ஜி-58 ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பவரைத் தின்னும். மலிவான ஆண்டெனாவோடு வரும் பென்சிலை விட மெல்லிய ஆர்ஜி-174 கேபிள் இன்னும் மோசம். அங்கே மிச்சத்தைச் சுருட்டி வைப்பதில் அர்த்தமில்லை, வெட்டிவிடலாம்.

## மைக்கை அமுக்கினால் வண்டிக்குக் கிறுக்குப் பிடிக்கிறது

ஸ்பீடோமீட்டர் முள் துள்ளும், ரிவர்ஸ் கேமரா படம் கோடு கோடாகும், சென்ட்ரல் லாக் தானாக 'டக்' என்று விழும். கேபிள் வலையின் வெளிப்பக்கத்தில் ரேடியோ கரண்டு ஓடி வண்டிக்குள் வருவதால் இப்படி நடக்கிறது. காந்த ஆண்டெனாவில் வலை கூரைத் தகட்டை நேராகத் தொடுவதில்லை, அதனால் அதில் இது கொஞ்சம் கூடுதல்.

சோதனை எளிது. குறைந்த பவரில் ஒருவர் மைக்கை அமுக்கட்டும். நீங்கள் வண்டிக்குள் கிடக்கும் கேபிளைக் கையால் பொத்திப் பிடித்து நகர்த்துங்கள். கை வைத்தால் எஸ்.டபிள்யூ.ஆர். மாறுகிறதென்றால் வெளிக் கரண்டு இருக்கிறது.

செலவில்லாத மருந்து இரண்டு. பவரைக் குறைத்துப் பேசுங்கள். ஊருக்குள் 5 வாட் தாராளம். அடுத்து, மிச்சச் சுருளை வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி, ஃபியூஸ் பெட்டி, வயர் கட்டு ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். சுருள் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தால் இடம் மாற்றுவது ஒன்றே பல வண்டிகளில் போதும்.

போதவில்லை என்றால் மிச்சத்தையே மருந்தாக்கலாம். அதை ஆண்டெனா அடிக்குப் பக்கமாக, கேபிள் வண்டிக்குள் நுழைந்ததும் ஐந்தாறு சுற்றாகத் தளர்வாகச் சுருட்டுங்கள். உள்ளே ஓடும் சிக்னலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வெளித்தோலில் ஓடும் வேண்டாத கரண்டுக்குத் தடை. சுருட்டினாலே சிக்னல் போய்விடும் என்று மிரட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சுருளுக்கு இடமில்லாவிட்டால் கேபிளின்மேல் கவ்வும் ஃபெரைட் வளையம் இரண்டு மூன்று மாட்டுங்கள். பிறகும் தீரவில்லை என்றால் ஆண்டெனாவைத் துளை போட்டுக் கூரையோடு சேர்த்து மாட்டுவதுதான் வழி.

ஏர்பேக் விளக்கோ ஏ.பி.எஸ். விளக்கோ எரிந்தால் மட்டும் மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம். செட்டை அணைத்துவிட்டு நேராகச் சர்வீஸ் சென்டருக்கு விடுங்கள்.

## இன்ஜினை ஏற்றினால் கூடவே ஏறும் 'ஙொய்' சத்தம்

ஆண்டெனாப் பிளக்கைக் கழற்றுங்கள், மைக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை அழுத்திக் கேளுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் அது கரண்டு வயர் வழியாக வருகிறது. செட்டின் இரண்டு வயரையும் ஃபியூஸோடு நேராக பேட்டரிக்குக் கொண்டுபோங்கள். நின்றுவிட்டால் கேபிள் பக்கம் வாருங்கள். மிச்சக் கேபிள் கரண்டு வயரோடு பின்னிக் கிடந்தால் பிரித்துவிடுங்கள். அதற்கும் மசியாதது ஆல்டர்னேட்டரையோ ஸ்பார்க் பிளக் வயரையோ காட்டுகிறது. ஆட்டோ எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

## சாதாரண கார் ரேடியோ: எஃப்.எம். வருகிறது, ஏ.எம். வரவில்லை

திருநெல்வேலி வானொலியை ஏ.எம்.மில் 1197 கிலோஹெர்ட்ஸில் கேட்கிற பெரியவர்கள் கொண்டுவரும் புகார் இது. கார் ரேடியோவின் கேபிள் ஆர்ஜி-58 இல்லை, தனி வகை. நீளம் பத்தவில்லை என்று யாராவது டிவி கேபிளையோ ஆர்ஜி-58-ஐயோ ஒட்டுப் போட்டிருந்தால் முதலில் சாவது ஏ.எம்.தான். ஒட்டை எடுத்துவிட்டுக் கார் ரேடியோவுக்கென்றே விற்கும் நீட்டிப்புக் கேபிள் போடுங்கள். மிச்சம் இருந்தாலும் இதை வெட்ட வேண்டாம், மடித்து வையுங்கள்.

எஃப்.எம்.மும் சேர்ந்து மங்கினால், புது செட் போட்டவர் நீல வயரை இணைத்தாரா என்று கேளுங்கள். கூரையில் குட்டை ஆண்டெனா உள்ள பல கார்களில் ஆம்ப்ளிஃபையருக்கு 12 வோல்ட் அதன் வழியாகத்தான் போகிறது.

## மிச்சத்தை வைக்கும் முறை

ஆர்ஜி-58-க்கு வளையத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 15 இருந்தால் நிம்மதி. ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் முறுக்கு ஏறும். எட்டு வடிவத்தில் மாற்றி மாற்றிப் போடுங்கள். பிளாஸ்டிக் டைக்குப் பதில் வெல்க்ரோ பட்டையோ துணி டேப்போ நல்லது. டைதான் இருக்கிறது என்றால், கட்டியபின் கேபிளை இழுத்தால் உள்ளே நழுவ வேண்டும், அந்த அளவுதான் இறுக்கம்.

இடம் என்றால் எனக்குப் பிடித்தது பின்சீட்டுக்கு அடி, அல்லது பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அங்கே வெயில் இல்லை, மிதி இல்லை, தண்டவாளம் இல்லை. முன்கண்ணாடித் தூண் வழியாகக் கேபிள் இறக்குவதானால், அங்கே திரை ஏர்பேக் இருக்கிற வண்டியில் உறையைக் கழற்றாதீர்கள். ஏர்பேக் விரியும் பாதையில் கேபிள் கிடந்தால் அது வேறு விபத்து. பிரேக் பெடல் பக்கம் ஒரு சுற்றுகூடத் தொங்கக் கூடாது.

வெட்டத்தான் வேண்டும் என்றால், முதலில் முழு நீளத்தோடு எஸ்.டபிள்யூ.ஆர். அளந்து எழுதிவைத்துக்கொண்டு, கேபிளைப் போகிற வழியில் எல்லாம் போட்டு முடித்து, செட்டை வெளியே இழுத்துக் கழற்றுவதற்கு என்று ஒரு முழம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். வெட்டியபின் எண் சற்று மாறினால் பயப்பட வேண்டாம். பெரிதாக மாறினால் ஆண்டெனாவே முதலிலிருந்து சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம், குச்சி நீளத்தைச் சரிசெய்யுங்கள். பி.எல்-259 பற்றவைக்கும்போது சூடு அதிகமாக, சீக்கிரமாக. இரும்பை நேரம் கடத்தி வைத்திருந்தால் உள்ளே பாலிஎத்திலின் உருகி, வெயில் பகுதியில் சொன்ன அதே ஷார்ட்டை நீங்களே செய்துவிடுவீர்கள். கை பழகாதவர் கடையில் கொடுத்து கிரிம்ப் பிளக் (அமுக்கிப் பொருத்தும் வகை) போட்டுக்கொள்ளலாம். பிளக் போட்டதும் ஆண்டெனாவை மாட்டுவதற்கு முன்பே ஒரு தடவை மல்டிமீட்டர் வையுங்கள். நடுவிலிருந்து நடுவுக்கு பீப், நடுவுக்கும் வலைக்கும் இடையே அமைதி. இரண்டும் சரியென்றால் செட்டில் திருகுங்கள்.